ஆப் எழுதும் முன் ஒரு படிவம் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் தென்காசி பக்கம். சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். கற்ற தொழில்நுட்பத்தை மக்கள் நலத்துக்குப் பயன்படுத்த வேண்டும், ஐ.நா. போன்ற அமைப்பில் சேர வேண்டும் என்பது ஆசை. நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாளை நினைவூட்டும் ஆப் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். வேலையை விட்டுவிட்டு அதை முடிப்பதா? அல்லது கடன் வாங்கி வெளிநாட்டில் இதற்கான முதுகலை படிப்பதா? சம்பளம் எப்படி இருக்கும்? அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

பதில்:

வேலையை இப்போது விட வேண்டாம். கடனும் வேண்டாம். ஆப்பை இந்த வாரமே நிறுத்திவிடலாம்.

ஆப்பில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் துறைக்குள் வர நினைக்கும் மென்பொருளாளர் பத்துப் பேரில் எட்டுப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியர் அவரைப் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் பதிவு செய்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் வேண்டும். பிறப்பைப் பதியும்போதும் கேட்பார்கள். மத்திய அரசு 2016இல் தொடங்கிய கில்காரி என்ற சேவை, நான்காம் மாதத்தில் இருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகளை அனுப்புகிறது. மும்பையின் ஆர்மன் அமைப்பு எம்மித்ரா என்ற பெயரில் இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. அழைப்பை எடுக்காமல் விலகிப்போகக்கூடிய தாய்மார் யார் என்று முன்கூட்டியே கணிக்கக் கூகுளின் ஆராய்ச்சியாளர்களோடும் சேர்ந்து உழைத்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு உங்கள் ஆப்புக்குள் தகவலை யார் ஏற்றுவார்? அதே செவிலியர்தான். அவரிடம் ஏற்கெனவே பதிவேடு இருக்கிறது, பிக்மி இருக்கிறது, மேலதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் எண்ணிக்கையும் இருக்கிறது. நான்காவதாக ஒன்று வந்தால் மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் நினைவில் இருந்து நிரப்புவார். உங்கள் நினைவூட்டல் பரிசோதனை நாள் கழிந்த பிறகு போகும். போகும் எண்ணும் பெரும்பாலும் கணவருடையது. அவர் திருப்பூரில் ஷிஃப்டில் இருப்பார். நாளை மறந்ததால் வராமல் போகிறவர்களும் உண்டுதான். ஆனால் அன்றைய கூலி போகும், பஸ் நேரம் ஒத்துவராது, கூட வர ஆள் இல்லை என்பதால் வராதவர்களுக்கு நினைவூட்டல் எதையும் மாற்றாது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களைப் பற்றி ஒரு தோராயக் கணக்குப் போட்டார்: 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பாதித் தோல்வி, 15 விழுக்காடு வெற்றி. பழைய கணக்கு, அவரே மதிப்பீடு என்றுதான் சொன்னார். ஆனாலும் அவர் காட்டிய காரணம் இன்றும் நிற்கிறது: வடிவமைத்தவர் மனதில் இருந்த அலுவலகம் ஒன்று, களத்தில் இருக்கும் அலுவலகம் வேறு. 2021இல் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்துப் போராடியது நினைவிருக்கலாம். போன் சூடாகிறது, தொங்கிப்போகிறது, பழுது பார்க்கும் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்கள் குறை. ஆப் எழுதியவர்கள் சோதித்த போனும் இவர்கள் கைக்கு வந்த போனும் ஒன்றாக இருந்திருக்காது.

ஆகவே முதலில் கற்க வேண்டியது படிவம். வளர்ச்சித் துறையின் டிஜிட்டல் வேலைகளில் பாதிக்கு மேல் படிவ வேலைதான். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் நல்ல படிவம் எழுதுகிறவர்கள் குறைவு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே, ஹார்வர்டின் மனிதநேய ஆய்வு மையத்தில் வளர்ந்த கோபோ டூல்பாக்ஸ் என்ற களத்தகவல் திரட்டும் மென்பொருள்கள் இரண்டும் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்ற ஒரே முறையில் எழுதிய படிவத்தை ஏற்கின்றன. அது ஓர் எக்செல் கோப்பு. அதில் மூன்று தாள்: சர்வே, சாய்சஸ், செட்டிங்ஸ். சர்வே தாளில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி. டைப், நேம், லேபிள் என்ற மூன்று பத்திகளோடு தொடங்கி, ரெலவன்ட் (எப்போது இந்தக் கேள்வி தோன்ற வேண்டும்), கன்ஸ்ட்ரெயின்ட் (எந்த விடை செல்லாது), ரெக்வயர்டு (விடாமல் நிரப்ப வேண்டியதா) என்பவற்றைச் சேர்த்துக்கொண்டே போகலாம். லேபிள் பத்தியை இரண்டாக்கித் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஜாவா எழுதும் உங்களுக்கு இலக்கணம் பிடிபட ஒரு சனி, ஞாயிறு போதும்.

பயிற்சி இதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தையோ, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பையோ அணுகுங்கள். அவர்கள் இப்போது காகிதத்தில் நிரப்பும் ஒரு படிவத்தை, குடிநீர்க் கணக்கெடுப்போ கடன் பதிவேடோ, வாங்குங்கள். அதை 30 கேள்விக்குள் அடக்கி எழுதி, அவர்களுடைய களப்பணியாளர் ஒருவர் 40 வீடுகளில் நிரப்பும்படி செய்யுங்கள். நீங்கள் நிரப்பக் கூடாது. பக்கத்தில் நின்று, அவர் எங்கே தயங்குகிறார், எந்தக் கேள்வியைப் படிக்காமலேயே விடையைத் தட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் கேள்விகளை வெட்டுங்கள். களைத்துப்போன பணியாளர் ‘இல்லை’ என்று தட்டினால் அடுத்த ஐந்து கேள்விகள் தோன்றாது என்பதை மூன்றாம் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த 40 வீடுகளிலேயே இந்தத் தொழிலின் பெரும்பாலான சிக்கல்கள் வந்துவிடும். முதல் சிக்கல் பெயர். வெளிநாட்டில் செய்த மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். மு. லட்சுமி ஒரு நாள் லட்சுமி முருகன், இன்னொரு நாள் முருகன் லட்சுமி, ஆங்கிலத்தில் தட்டினால் எழுத்துக்கூட்டு நான்கு விதம். ஒரே பெண் மூன்று பேராகிவிடுவார். பெயரை ஒரே கட்டத்தில் வாங்குங்கள், முன்னெழுத்தைத் தனியாக வாங்குங்கள், ஆளை அடையாளம் காணக் குடும்ப அட்டையை ஒட்டியோ நீங்களே உருவாக்கியோ ஓர் எண் கொடுங்கள். கைப்பேசி எண் அதற்கு ஆகாது, வீட்டுக்கே ஒன்றுதான் இருக்கும்.

வயதும் அப்படித்தான். கேட்டால் 35, 40, 45 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் எண்களாகக் குவியும். பிறந்த தேதி கேட்டால் தெரியாதவர்களுக்குப் பணியாளர் ஜனவரி 1 போட்டுவிடுவார். தேதி தெரியுமா என்று முதலில் கேட்டு, தெரிந்தால் மட்டும் தேதிக் கட்டம் திறக்கும்படி ரெலவன்ட் எழுதுங்கள். ‘தெரியாது’ என்பதற்கு −99 கொடுக்கும் வழக்கம் உண்டு. சராசரி எடுக்கும் முன் அதை நீக்க மறந்தால் உங்கள் கிராமத்தின் சராசரி வருமானம் விசித்திரமாக இறங்கும், யாரும் கவனிக்காமல் அறிக்கையிலும் அச்சாகும்.

ஜிபிஎஸ் வீட்டுக்குள் நின்று எடுத்தால் பல பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். வாசலுக்கு வந்து, பிழை 5 மீட்டருக்குள் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் அளவுக்கு வரம்பு வையுங்கள். இன்றைய போனில் ஒரு படம் 4 எம்பி வரை போகும். 40 வீட்டுக்கு 160 எம்பி. பணியாளரின் சொந்த டேட்டாவில் அது போகாது, படிவங்கள் அனுப்பப்படாமல் போனிலேயே கிடக்கும். நீளப் பக்கம் 1024 பிக்சல் என்று பாராமீட்டர்ஸ் பத்தியில் எழுதினால் சில நூறு கேபிக்கு இறங்கிவிடும். அனுப்பாத படிவம் போனில் இருக்கும்போது ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாம் போய்விடும் என்பதைப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். ‘தொங்குதே’ என்று அதைத்தான் முதலில் செய்வார்கள்.

கணக்கெடுப்பு பாதியில் இருக்கும்போது ஒரு கேள்வியின் நேம் பத்தியை மாற்றாதீர்கள். லேபிளை மாற்றலாம், நேமை மாற்றினால் புதிய பத்தி ஒன்று உருவாகி, பழைய விடைகள் ஒரு பக்கமும் புதியவை இன்னொரு பக்கமும் நிற்கும். குடும்ப உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கேட்கும் ரிப்பீட் பகுதி ஏற்றுமதியில் தனித் தாளாக வரும். தாய்த்தாளோடு இணைக்கும் எண்ணைத் தொலைக்காமல் எஸ்க்யூஎல்லிலோ பைத்தானிலோ சேர்க்க வேண்டும். இதில் உங்கள் பழைய தொழில் கைகொடுக்கும்.

இன்னொன்று, பெரும்பாலோர் கடைசியில் யோசிப்பது. ஆதார் எண்ணைப் படிவத்தில் கேட்காதீர்கள். பெயர், எண், இருப்பிடம் மூன்றையும் ஆய்வுத் தரவில் இருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வையுங்கள். பயனாளிகளின் பட்டியல் உள்ள எக்செல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். எச்ஐவி உள்ளவர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் பட்டியல் அப்படிப் போனால் ஆளுக்கே ஆபத்து. இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத் திட்டங்களில் வேலை செய்யப் போனால் இது முதல் நாள் கேள்வி.

படிவம் கைவந்த பிறகு டிஎச்ஐஎஸ்2. இது உங்களுக்கென்றே அமைந்த மாதிரி. ஆஸ்லோ பல்கலைக்கழகம் நடத்தும் திறந்த மூலச் சுகாதாரத் தகவல் அமைப்பு இது, பின்னணி முழுக்க ஜாவா, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். வேர் நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில். இப்போதைய வலைவடிவம் முதலில் களமிறங்கியது 2006இல் கேரளத்தில். இலங்கையில் 2020 ஜனவரியிலேயே, நாட்டின் முதல் கோவிட் தொற்று உறுதியாகிய அந்த நாட்களில், விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடர ஒரு சிறு குழு டிஎச்ஐஎஸ்2 டிராக்கரைத் தட்டி அமைத்தது. அது மற்ற நாடுகளுக்கும் பகிரப்பட்டது, பிறகு நார்வேயின் நகராட்சிகளே தொற்றுத் தொடர்பைத் தேட டிஎச்ஐஎஸ்2வைப் பயன்படுத்தின. இலங்கையால் இவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அந்த வாரத்துக்கு முன்பே இருந்தது: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர்களுக்கே தகவலியலில் முதுகலைப் படிப்பு நடத்தி, சுகாதார அமைச்சுக்குள் ஆட்களை வளர்த்து வைத்திருந்தார்கள். ‘சர்வதேச வளர்ச்சி’ என்றால் ஜெனிவாவில் இருந்து ஆள் வருவது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

டிஎச்ஐஎஸ்2 அகாடமியின் அடிப்படைப் பாடங்கள் இணையத்தில் இலவசம். சோதனைத் தளத்தில் சியரா லியோனின் பெயரில் ஒரு மாதிரி நாடு ஏற்றப்பட்டிருக்கும், அதில் உடைத்து விளையாடலாம். பாடத்தில் சொல்லாத இரண்டு விஷயங்களைத் தனியாக யோசித்துப் பாருங்கள். ஒன்று, வெற்றுக்கட்டமும் பூஜ்யமும். மலேரியா நோயாளி இல்லை என்பதும் அறிக்கையே வரவில்லை என்பதும் திரையில் ஒன்றாகத் தெரியும்படி அமைத்தால் வரைபடம் பொய் சொல்லும். இரண்டு, வகுக்கும் எண். தடுப்பூசி விழுக்காடு 100ஐத் தாண்டி 118 என்று நிற்பதைப் பார்த்து எல்லோரும் தரவேற்றியவரைத் திட்டுவார்கள். நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். குழந்தைக்கு முதல் ஊசி அங்கே போடப்படுகிறது, அந்த ஊர்க் கணக்கில் சேர்கிறது. வகுக்கும் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பில் இருந்து நீட்டிக் கணித்தது. பிழை தட்டச்சில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது. இதை நேர்காணலில் சொல்லத் தெரிந்தவருக்கு மற்ற சான்றிதழ்கள் அவ்வளவு தேவைப்படாது.

நிரல் எழுதுவதை விட்டுவிட வேண்டியதில்லை. ஓபன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவேட்டு மென்பொருளும் ஜாவாதான். அதன் மேல் கட்டிய பாம்னி, சத்தீஸ்கரின் கனியாரி கிராம மருத்துவமனைக்காக உருவானது. புதியவர்களுக்கென்று ஒதுக்கிய சிறு பிழைகள் அங்கே எப்போதும் இருக்கும். வாரம் நான்கு மணி நேரம் கொடுத்து ஆறு மாதத்தில் மூன்று திருத்தங்கள் ஏற்கப்பட்டால் அது உங்கள் பெயரில் பொதுவெளியில் நிற்கும். நிறைவுபெறாத ஆப்பைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இனிப் பணம். மாவட்ட அளவில் எம்ஐஎஸ் (தகவல் மேலாண்மை) அலுவலர், எம் அண்ட் இ (கண்காணிப்பு, மதிப்பீடு) அலுவலர் வேலைகளில் உங்கள் இப்போதைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே போக நேரலாம். டெல்லி, பெங்களூருவில் உள்ள தொழில்நுட்ப அமைப்புகளில் (காம்கேர் நடத்தும் டிமேகி, ஈகவ் ஃபவுண்டேஷன், டிஜிட்டல் கிரீன் போன்றவை) அவ்வளவு இறங்காது, ஆனால் ஐ.டி. அளவுக்கும் வராது. சம்பளத்தைவிடக் கவனிக்க வேண்டியது ஒப்பந்தக் காலம். எல்லாமே திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு முடியும் வேலைகள். ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு. நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: இந்தப் பதவிக்குப் பணம் நிதி கொடுக்கும் எந்த டோனரிடம் இருந்து, எந்த மாதம் வரை? வெளிநாட்டுப் பணம் என்றால், அதை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு எப்போது புதுப்பிக்க வேண்டும்? 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50இல் இருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய நிறுவனத்தின் வழியாகப் பணம் பெற்று வந்த சிறிய நிறுவனங்களுக்கு இது பெரிய அடி. உங்கள் பதவி திட்டச் செலவில் வருகிறதா, நிர்வாகச் செலவில் வருகிறதா என்பதும் கேட்க வேண்டியதே. நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் என்றால் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மார்ச் மாதம் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும்.

அப்பா ஓய்வு பெறுவதால் ஒரு கணக்கை இப்போதே போட்டு வையுங்கள்: எட்டு மாத வீட்டுச் செலவு கையில் சேரும்வரை ஐ.டி. வேலையில் இருங்கள். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே மூன்று, நான்கு மாத இடைவெளி விழுவது இந்தத் துறையில் யாருக்கும் புதிதல்ல.

ஐ.நா. பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், அந்த உதவிகளைக் கையாண்ட யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவது நின்றது. பல நாடுகளின் சுகாதாரத் தரவுக்கு அடித்தளமாக இருந்த டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமே நிதியிழந்தது. ஐ.நா. முகமைகளும் ஆட்களைக் குறைத்தன. இன்று ஓர் இளநிலைப் பதவிக்கு விண்ணப்பிப்பவர்களில் பத்து, பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தோடு வேலையிழந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதவை நேராகத் தட்டுவது இப்போதைக்குப் பலன் தராது.

பக்கவழிகள் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் இளையோர் பிரிவு 26 வயதோடு முடிந்துவிடும். உங்களுக்கு 27 என்பதால் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும் ஸ்பெஷலிஸ்ட் பிரிவு பொருந்தும். வீட்டில் இருந்தே செய்யும் இணையத் தன்னார்வப் பணி வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, 12 வாரம் வரை. சம்பளம் இல்லை, ஆனால் ஐ.நா. அலுவலகம் எப்படி எழுதுகிறது, எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுபோதும். இந்தியாவில் உள்ள முகமைகளில் நேஷனல் ஆபீசர் பதவிகள் இந்தியருக்கு மட்டும். பேரிடர் காலத் தகவல் மேலாண்மையில் ஆர்வம் இருந்தால் ஹாட் என்று அழைக்கப்படும் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவின் தளத்தில் வரைபடம் வரையத் தொடங்குங்கள். 2010 ஹெய்டி நிலநடுக்கத்தின்போது இப்படித் தன்னார்வலர்கள் வரைந்த தெருக்களை வைத்துத்தான் மீட்புக் குழுக்கள் வழி தேடின. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அது மோசடி, ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை.

முதுகலை பிறகு. களத்தில் இரண்டு ஆண்டு கழித்துப் போனால் எந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். இப்போது போனால் பேராசிரியர் சொல்லும் தோல்விக் கதைகளைக் குறிப்பெடுத்துத் திரும்புவீர்கள். டிஎச்ஐஎஸ்2வின் தாய்வீடான ஆஸ்லோவில் முன்பு வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. பிரிட்டனில் மான்செஸ்டர் இந்தத் துறைக்குப் பெயர்பெற்றது. அங்கே பிரிட்டன் அரசின் சீவ்னிங் உதவித்தொகையோடு போனால் மட்டுமே கணக்குச் சரிப்படும். சீவ்னிங் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் விண்ணப்பக் கட்டுரையில் தலைமைப் பண்பு பற்றிக் கேட்பார்கள், அங்கே ‘ஜாவா டெவலப்பர்’ என்று எழுதினால் நகராது; 40 வீட்டுக் கணக்கெடுப்பால் அந்தக் கூட்டமைப்பு எந்த முடிவை மாற்றியது என்று எழுதினால் நகரும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வெளிநாட்டிலேயே வேலை என்பது திட்டமானால் விண்ணப்பிக்கும் முன்பே அதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.